பளு தூக்கினால் வலி குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எடைப் பயிற்சி குறித்து வந்து சேர்ந்த கடிதங்களில் வலியைப் பற்றிய கேள்விகளே மிகுதி. அவற்றுள் உடல்நலத்தில் குறையில்லாதவர்களுக்குப் பொருந்துபவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாள்பட்ட முதுகுவலியும் மூட்டுத் தேய்மானமும் உள்ளவர்களின் உடல் பயிற்சிக்கு வேறு விதமாக எதிர்வினை ஆற்றக்கூடும் என்பதால் அவர்களுடைய கடிதங்களை இதனோடு கலக்கவில்லை.

கேள்வி: ஜிம்மில் கால்களுக்கான பயிற்சியை முடித்துவிட்டுத் திரும்பும்போது பெஞ்சின் இரும்புக் காலில் முழங்காலுக்குக் கீழே பலமாக இடித்துக்கொண்டேன். அப்போது ஏதோ பட்டதுபோல் மட்டுமே இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு விண் விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிட்டது. “உடம்பு சூடாக இருந்தால் வலி தெரியாது” என்கிறார் நண்பர். இது உண்மையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நண்பர் கவனித்தது சரி, அவர் சொல்லும் காரணம்தான் சரியில்லை. அடிபட்ட நேரத்தில் உங்கள் மனம் பயிற்சியில் இருந்திருக்கும். அடிபட்ட இடம் வீங்குவதற்கும், அங்கே சேரும் வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளை உசுப்பிவிடுவதற்கும் நேரம் பிடிக்கும். இவ்விரண்டையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: கடுமையாக உழைத்து முடித்த சில நிமிடங்களுக்கு, ஆரோக்கியமான உடலில் வலியுணர்வே சற்று மழுங்கியிருக்கிறது. உடல் சூட்டை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. உடலை அவ்வளவாகச் சூடாக்காத கைப்பிடிப் பயிற்சியிலும், அதாவது ஒரு பிடியை இறுக்கிப் பிடித்து அப்படியே நிறுத்துவதிலும், இந்த மாற்றத்தைச் சில ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன.

வலியுணர்வை எப்படி அளக்கிறார்கள் என்பது தெரிந்தால் மற்றது எளிதில் விளங்கும். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் கருவி அழுத்தமானி. கையில் பிடித்து அழுத்தும் அதன் நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ரப்பர் முனை இருக்கும். அதைத் தொடைத் தசையின்மேலோ தோளிலோ வைத்து, அழுத்தத்தை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வெறும் அழுத்தமாக இருந்த உணர்வு வலியாக மாறும் அந்த நொடியில் பங்கேற்பவர் சொல்ல வேண்டும். அப்போது கருவி காட்டும் எண்ணே வலி தொடங்கும் எல்லை. “போதும், இதற்கு மேல் முடியாது” என்று அவர் சொல்லும் இடம் தாங்கும் எல்லை. பனிக்கட்டி நீரில் கையை அமிழ்த்திவைப்பது, தோலில் சூடான தகட்டை வைப்பது, கையில் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது என்று வேறு வழிகளும் உண்டு. ஒரு வழியில் தெரியும் மாற்றம் இன்னொரு வழியில் தெரியாமலும் போகலாம்.

1979இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழொன்றில் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் வலியின்மை பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. அதன் பிறகு நெடுங்காலம் ஆய்வாளர்கள் ஓடுபவர்களையும் சைக்கிள் மிதிப்பவர்களையுமே பெரும்பாலும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பளு தூக்குபவர்களின் பக்கம் கவனம் தாமதமாகவே திரும்பியது. 1998இல் கெல்லி கோல்டினும் ஆர்போகாஸ்டும் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முக்கியமானது. அதில் பங்கேற்றவர்கள் 13 பேர். ஒரு நாள் 45 நிமிடம் எடைப் பயிற்சி: ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடை எவ்வளவோ அதில் 75 சதவீதத்தை ஏற்றி, 10 முறை வீதம் மூன்று செட். இன்னொரு நாள் அதே நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு நாளும் விரல் எலும்பின்மேல் எடை வைத்து அழுத்தும் கருவியால் வலியை அளந்தார்கள். பயிற்சி முடிந்த 5ஆவது நிமிடத்தில் வலி தொடங்கும் எல்லை உயர்ந்திருந்தது; வலிக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. 15ஆவது நிமிடத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

அந்த 15 நிமிடத்தை நீங்கள் மறந்துவிடக் கூடாது. பயிற்சி வலியைக் குறைக்கிறது என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கால அளவைச் சொல்வதில்லை. வேறு சில ஆய்வுகளில் இது அரை மணி நேரம் வரை நீண்டிருக்கிறது. பெரும்பாலும் அதைத் தாண்டுவதில்லை. சும்மா உட்கார்ந்திருந்த நாள் எதற்கு என்ற கேள்வியும் எழலாம். ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்யும்போது பயம் தெளிந்துவிடுவதால் வலி குறைவாகத் தெரியலாம். உழைத்ததால் குறைந்ததா, பழகிப்போனதால் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க அந்த நாள் வேண்டும். அப்படி ஒரு நாளை வைக்காமல் நடத்தப்பட்ட ஆய்வுகள் இந்தத் துறையில் நிறைய உண்டு.

அதனால் என்ன ஆனது என்று பாருங்கள். 2012இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாகிலும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, ஆரோக்கியமானவர்களுக்கு ஓட்டம் போன்ற பயிற்சிகளாலும், எடை தூக்குவதாலும், அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகளாலும் வலி குறைகிறது என்றும், அசையாப் பயிற்சியில் அதன் அளவு பெரிது என்றும் எழுதினார்கள். 2021இல் ஆஸ்திரேலியாவின் வீவெகியும் ஜோன்ஸும், முறையான ஒப்பீட்டோடு நடத்தப்பட்டவற்றை மட்டும் சலித்தெடுத்தபோது படம் மாறிவிட்டது. ஓட்டம், சைக்கிள் போன்றவற்றின் பலன் பெரிதாகவே நின்றது. எடை தூக்கும் பயிற்சியின் பலன் சிறிதாகத் தெரிந்தது. அசையாப் பயிற்சிக்குப் பலன் இருப்பதாகவே நிறுவ முடியவில்லை. எடைப் பயிற்சிக்கு அவர்களுடைய சல்லடையில் தேறிய ஆய்வுகள் இரண்டே இரண்டு. என் கணிப்பில், பளு தூக்கிய பின் வலி சற்றுக் குறைவது உண்மை. ஆனால் அது சிறிய மாற்றம், சீக்கிரம் மறையும் மாற்றம், அதைப் பற்றிய பேச்சின் அளவுக்கு அதற்கான ஆதாரம் இன்னும் வளரவில்லை.

உங்களுக்கான நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. பயிற்சி முடிந்த கையோடு “வலிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை” என்று முடிவுகட்டி, அடிபட்ட காலில் மறுபடியும் பளுவை ஏற்றாதீர்கள். ஒரு மணி நேரம் பொறுத்து அந்த இடத்தை அழுத்திப் பாருங்கள். அப்போது தெரிவதே சரியான கணக்கு.

கேள்வி: இதற்கெல்லாம் எண்டார்பின்தான் காரணம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். உடலே மார்ஃபின் சுரக்கிறது என்பது உண்மையானால், பயிற்சிக்கு அடிமையாகிவிட மாட்டோமா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: வாரம் இரண்டு மூன்று நாள் டம்பெல் தூக்குகிறவர் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் பகுதி சுவையானது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் மார்ஃபினைப் போலவே வேலை செய்யும் பொருள் மூளையிலேயே இருப்பதைக் கண்டறிந்து என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். எண்டார்பின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கடும் பயிற்சிக்குப் பின் ரத்தத்தில் எண்டார்பின் அளவு உயர்வதும் கண்டறியப்பட்டது. இரண்டையும் சேர்த்து ஒரு கதை உருவாகிவிட்டது. ஆனால் ரத்தத்தில் மிதக்கும் எண்டார்பின், மூளையைச் சுற்றியுள்ள தடுப்பைக் கடந்து எளிதில் உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஏறியிருப்பதை வைத்து மூளையில் நடப்பதைச் சொல்லிவிட முடியாது.

இதைச் சோதிக்க நேரான வழி ஒன்று இருக்கிறது. நால்ட்ரெக்சோன் என்ற மருந்து மார்ஃபினும் எண்டார்பினும் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை அடைத்துவிடும். வலி குறைவதற்கு எண்டார்பின் மட்டுமே காரணம் என்றால், இம்மருந்தை விழுங்கியவருக்குப் பயிற்சிக்குப் பின் வலி குறையக் கூடாது. முன்பு சொன்ன அதே கோல்டின், விஸ்கான்சினில் இதைச் செய்து பார்த்து 2014இல் வெளியிட்டார். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு முறை நால்ட்ரெக்சோனும் இன்னொரு முறை மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, எது எதுவென்று தெரியாமல் கைப்பிடிப் பயிற்சி செய்யவைத்தார்கள். மருந்து உள்ளே இருந்தபோதும் வலியுணர்வு குறைந்தது. அந்தப் பயிற்சியில் எண்டார்பினைத் தவிர வேறு வழியும் வேலை செய்கிறது என்பது தெளிவாயிற்று. கஞ்சாச் செடியின் வேதிப்பொருள் பற்றிக்கொள்ளும் அதே ஏற்பிகளில் செயல்படும், உடலே தயாரிக்கும் அனந்தமைடு போன்ற பொருள்களின் அளவு பயிற்சிக்குப் பின் கூடியிருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

இவற்றைவிட அடிப்படையான ஒன்று நரம்பு மண்டலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் செய்தி தண்டுவடம் வழியாக மேலே போகும்போது எந்தத் தடையும் இல்லாமல் போவதில்லை என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இலேயே ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். நடுமூளையிலும் மூளைத்தண்டிலும் உள்ள சில பகுதிகள் தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பி, மேலேறிவரும் வலிச்செய்தியைத் தணிக்கவும் கூட்டவும் வல்லவை என்பது பின்னர் உறுதிப்பட்டது. பளு தூக்கும்போது தசை எரிகிறதல்லவா, அந்த எரிச்சலே ஒரு வலிதான். ஓரிடத்து வலி இன்னோரிடத்து வலியை அமுக்குவதும் இதே பாதையில்தான். கால் பயிற்சிக்குப் பின் கைவிரலிலும் வலி குறைகிறது என்றால், தசையில் மட்டும் நடக்கும் விஷயமாக அது இருக்க முடியாது. ஆனாலும் உழைத்த தசைக்கு அருகிலேயே மாற்றம் கூடுதலாகத் தெரிகிறது. ஆக, உள்ளூரில் நடப்பதற்கும் ஒரு பங்கு உண்டு. பயிற்சியின்போது ரத்த அழுத்தம் உயர்வதும் வலியைத் தணிக்கும் பாதைகளோடு தொடர்புடையது. இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கையில் எண்டார்பினுக்கு மட்டும் மாலை போடுவது நியாயமில்லை.

கேள்வி: நான் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர். “வலித்தால்தான் வளரும்” என்று சொல்லியே எல்லோரையும் தூக்கவைக்கிறேன். நான் சொல்வது அவர்களுடைய வலியைப் பாதிக்குமா?
(சேலம்)

பதில்: பாதிக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் வேக்டரும் குழுவினரும் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று குழுவாகப் பிரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் அப்படியே நிற்கும் பயிற்சியைக் கொடுத்தார்கள். முதல் குழுவிடம், இது வலியைக் குறைக்கும் என்று முன்கூட்டியே விளக்கினார்கள். இரண்டாம் குழுவிடம் அதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. மூன்றாம் குழுவிடம், இதனால் வலி கூடலாம் என்றார்கள். எல்லோரும் செய்தது ஒரே பயிற்சி. நல்ல வார்த்தை கேட்டவர்களின் தொடையில் வலி தொடங்கும் எல்லை நன்றாக உயர்ந்தது. கெட்ட வார்த்தை கேட்டவர்களுக்கு உயரவில்லை, சற்று இறங்கவும் செய்தது.

எதிர்பார்ப்பு வெறும் மனப்பிரமை அல்ல. மேலே சொன்ன மூளைத்தண்டின் பாதைகளை அசைப்பதில் அதற்கும் கை உண்டு. எனவே முதல் நாள் வருகிறவரிடம் “நாளைக்கு எழுந்திருக்கவே முடியாது பாருங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நம் ஊர் வழக்கத்தை நீங்கள் விட்டுவிடலாம். “வலித்தால்தான் வளரும்” என்பதும் உண்மையல்ல. தசை வளர்வதற்கு அது போதுமான அளவு சுமக்க வேண்டும். மறுநாள் வலி அதற்கு அளவுகோல் ஆகாது. மூட்டில் குத்தும் வலி, ஒரு பக்கம் மட்டும் கூரிய வலி, கை கால் மரத்துப்போவது ஆகியவற்றை ஒருவர் சொன்னால் எடையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் உற்சாக வார்த்தைக்கு வேலையில்லை.

கேள்வி: வலி குறைய எவ்வளவு எடையை, எத்தனை நேரம் தூக்க வேண்டும்? கணக்கு சொன்னால் உதவியாக இருக்கும்.
(திண்டுக்கல்)

பதில்: மாத்திரைக்குச் சொல்வதுபோல் ஒரு கணக்கு இதற்குக் கிடையாது. மேலே சொன்ன 75 சதவீதம், மூன்று செட் என்பது ஓர் ஆய்வில் பலன் தந்த அளவு, அவ்வளவே. அசையாப் பயிற்சியில், குறைந்த பலத்தில் பிடித்தாலும் கை தானே விட்டுப்போகும் வரை நெடுநேரம் பிடித்தவர்களுக்குக் கூடுதலாக வலி குறைந்தது என்று 2008இல் ஹோகர் பெமென்ட் குழுவினர் எழுதினார்கள். பொதுவாக, உடல் உழைப்பை உணர்ந்தால்தான் இந்த மாற்றம் வருகிறது. பெயருக்குத் தூக்குவதில் வருவதில்லை. ஆனால் கால் மணி நேர வலிக்குறைவுக்காக யாரும் எடை தூக்க வேண்டியதில்லை. தசையும் எலும்பும் வலுப்பெற, பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020இல் சொல்லியிருப்பது போதும்.

கேள்வி: இளவயதில் கர்லா சுற்றி, தண்டாலும் பஸ்கியும் எடுத்து வளர்ந்தவன் நான். அந்தக் காலத்து வஸ்தாதுகள் அடி வாங்கினால் முகம் சுளிக்கமாட்டார்கள். தொடர்ந்து பயிற்சி செய்தால் வலியே தெரியாத உடம்பை ஆக்கிக்கொள்ள முடியுமா? என் பேரன் கேட்கிறான்.
(திருநெல்வேலி)

பதில்: வலியே தெரியாத உடம்பு வரம் அல்ல. பிறவியிலேயே வலியுணர்வு இல்லாதவர்கள் அரிதாக உண்டு. நாக்கைக் கடித்துக்கொண்டும், எலும்பு முறிந்தது தெரியாமல் நடந்தும் அவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. பேரனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

வஸ்தாதுகளைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். இங்கேதான் வலி தொடங்கும் எல்லையையும் தாங்கும் எல்லையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1966இல் ரையனும் கோவாசிச்சும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. உடலோடு உடல் மோதும் விளையாட்டுக்காரர்கள், மோதல் இல்லாத விளையாட்டுக்காரர்கள், விளையாட்டே இல்லாதவர்கள் என்று மூன்று தரப்பினரை எடுத்துக்கொண்டு, கால்பந்து பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ் ஒன்றைக் கீழ்க்காலின் முன்னெலும்பின்மேல் வைத்துக் கட்டி இறுக்கினார்கள். வலி எப்போது தொடங்குகிறது என்பதில் மூவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு: மோதி விளையாடுகிறவர்கள் முதலிடம், விளையாடாதவர்கள் கடைசி. பின்னாளில் வந்த ஆய்வுகளை 2012இல் ஜெர்மனியின் டெசார்ஸ் குழுவினர் தொகுத்தபோதும், விளையாட்டு வீரர்களின் தாங்கும் திறன் கூடுதல் என்பது உறுதியாக நின்றது. வலி தொடங்கும் எல்லையில் அவ்வளவு ஒருமித்த முடிவு கிடைக்கவில்லை. வஸ்தாதுக்கும் வலித்திருக்கும் ஐயா, அதை அவர் வேறு விதமாக ஏற்றுக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. தாங்கும் திறன் உள்ளவர்கள்தாம் கோதாவில் நிலைக்கிறார்கள், மற்றவர்கள் பாதியில் ஓடிவிடுகிறார்கள் என்று யாராவது சொல்லலாம். அது நியாயமான ஐயம். பயிற்சிதான் மாற்றத்தைக் கொண்டுவருகிறதா என்று பார்க்க, பழக்கமில்லாதவர்களைப் பயிற்சியில் இறக்க வேண்டும். சிட்னியில் ஜோன்ஸும் குழுவினரும் அதைச் செய்து 2014இல் வெளியிட்டார்கள். மொத்தம் 24 பேர். பாதிப் பேர் ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தார்கள். மீதிப் பேர் வழக்கம்போல் இருந்தார்கள். ஆறு வார முடிவில் மிதித்தவர்களின் தாங்கும் திறன் கூடியது, வலி தொடங்கும் எல்லை அப்படியே இருந்தது. மிதித்தது கால், ரத்த ஓட்டத்தை நிறுத்தி வலியை ஏற்படுத்திச் சோதித்தது கை. மூச்சு முட்ட, தொடை எரிய உழைத்து உழைத்து, “இது ஆபத்தில்லை, இன்னும் கொஞ்சம் போகலாம்” என்று உடல் கற்றுக்கொள்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. நார்வேயின் டிரோம்ஸோ நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை சோதித்ததிலும், உடலுழைப்பு உள்ளவர்கள் பனிக்கட்டி நீரில் கையைக் கூடுதல் நேரம் வைத்திருந்தார்கள்.

இவை சைக்கிளையும் பொதுவான உடலுழைப்பையும் பற்றியவை. எடைப் பயிற்சியை மட்டும் வாரக்கணக்கில் செய்யவைத்து ஆரோக்கியமானவர்களைச் சோதித்த ஆய்வுகள் குறைவு. அவற்றின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. தண்டால், பஸ்கி இரண்டிலும் எடையும் உண்டு, மூச்சு வாங்குவதும் உண்டு என்பதால் பேரன் அவற்றையே செய்யட்டும்.

கேள்வி: உடற்பயிற்சி வலியைக் குறைக்கும் என்கிறீர்கள். நான் நீண்ட இடைவெளிக்குப் பிறகு எடை தூக்கிவிட்டு இரண்டு நாளாகப் படி இறங்க ஏலாமல் இருந்தேன். தொடையைத் தொட்டாலே நோகுது. லாக்டிக் அமிலம் தேங்கி நிற்குது என்று சொன்னார்கள். இது எப்படி?
(யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் ஒரே உடலில், வெவ்வேறு நேரத்தில் நடப்பவை. பயிற்சி முடிந்த கால் மணி நேரத்தில் அழுத்தமானி வைத்தால் எல்லை உயர்ந்திருக்கலாம். மறுநாள் அதே தொடையில் வைத்தால் எல்லை தாழ்ந்திருக்கும், அதாவது முன்பைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே நோகும். உழைக்காத கையில் வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

லாக்டிக் அமிலத்தின் மேல் பழி போடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் பயிற்சியில் கூடிய லாக்டேட் (அந்த அமிலம் ரத்தத்தில் இருக்கும் வடிவம்), ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். வலியோ 24 மணி நேரத்துக்குப் பிறகு முற்றி, இரண்டு மூன்று நாள் நிற்கும். கணக்கே ஒத்துவரவில்லை. அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902இலேயே, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களைக் காரணமாகச் சுட்டினார். இன்றும் விளக்கம் அந்தத் திசையில்தான் போகிறது: நுண்ணிய சேதம், அதைத் தொடர்ந்து வரும் அழற்சி, அதனால் கூச்சம் கூடிய நரம்பு முனைகள். எடையைத் தூக்குவதைவிட, மெதுவாக இறக்கும்போதே இது அதிகம். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதுதான் காரணம். நீங்கள் படி ஏறும்போதைவிட இறங்கும்போது ஏன் நொந்தது என்பதும் இதில் அடங்கும்.

நல்ல செய்தி, இரண்டாம் முறை இவ்வளவு நோகாது. ஒரே ஒரு முறை செய்ததற்கே தசை தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். எனவே பயந்து நிறுத்திவிடாமல், பாதி எடையில், பாதி செட்டோடு மறுபடி தொடங்குங்கள். எச்சரிக்கை ஒன்று: வலியோடு தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

கேள்வி: மறுநாள் வலிக்காமல் இருக்க, பயிற்சிக்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? எங்கள் ஜிம்மில் பலர் செய்கிறார்கள்.
(திருப்பூர்)

பதில்: வேண்டாம். வியர்வையில் நீர் வற்றிய உடலில் இபுபுரூஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் நல்லதல்ல. இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள், அதற்குத்தான் காது கொடுப்பார்கள்: ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இளைஞர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சியோடு தினமும் 1,200 மில்லிகிராம் இபுபுரூஃபென் கொடுத்துப் பார்த்ததில், குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது. காசு கொடுத்து மாத்திரை வாங்கி, உழைப்பை வீணாக்குவது எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரை இல்லை, மூட்டு வலி இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் எல்லைக்கோட்டில் இருக்கிறது. மருமகள் சொல்லி, சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சியும் சின்ன டம்பெலும் தொடங்கியிருக்கிறேன். அழுத்தம் உயர்வதால்தான் வலி குறைகிறது என்று எங்கோ படித்துப் பயந்துவிட்டேன். தொடரலாமா?
(தஞ்சாவூர்)

பதில்: தொடரலாம் அம்மா, முதலில் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அழுத்த உயர்வு வலி குறைவதோடு தொடர்புள்ள பல காரணங்களில் ஒன்று மட்டுமே. பயிற்சி நேரத்தில் அழுத்தம் ஏறுவது எல்லோருக்கும் இயல்பு. எவ்வளவு ஏறுகிறது என்பதே கேள்வி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெக்டூகலும் குழுவினரும் 1985இல், ஆணழகர்கள் சிலரின் கை ரத்தக் குழாயிலேயே குழல் செருகி, அவர்கள் முழு பலத்தோடு கால்களால் பளுவைத் தள்ளும்போது அளந்தார்கள். ஒருவருக்கு 480/350 வரை போனது. உச்சகட்ட எடை, முக்கித் தள்ளும் தசைகள், அடக்கிய மூச்சு, மூன்றும் சேர்ந்த கணக்கு அது. உங்கள் சின்ன டம்பெலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவே. மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுங்கள். சுவரில் சாய்ந்து உட்காரும்போது வாய்விட்டு ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டே இருந்தால் மூச்சு தானாக அடங்காது. ஆழமாக உட்கார வேண்டாம், தொடை தரைக்குச் சரிந்த நிலையிலேயே இருக்கட்டும், அரை நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த முறை போங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கையிலோ தாடையிலோ இழுப்பதுபோன்ற வலியோ, தலைசுற்றலோ வந்தால், அது இறங்கிவிட்டாலும் சரி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி வலியைச் சற்று மறைக்கும் என்று இவ்வளவு நேரம் பேசியதால், அந்த வலிகளை மட்டும் “குறைந்துவிட்டதே” என்று விட்டுவிடக் கூடாது.